டீச்சர் பதில்கள்: சோளக்காட்டு நடுவே ஒரு சின்ன ஊர்

போன இதழில், கிள்ளான் வாசகி ஒருவரின் மகள் பரிமாற்ற மாணவியாக அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக்குப் போகப்போகிறாள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். எண்பதுகளில் நான் பக்கத்து மாநிலமான இல்லினாயில் படித்தவள், அறைத்தோழியின் வீடு ஒரு விவசாய ஊரில் இருந்ததால் விடுமுறை வந்தால் அங்கேதான் போய்க் கிடப்பேன் என்பதையும் சேர்த்து எழுதிவிட்டேன். அவ்வளவுதான், கடிதங்கள் குவிந்துவிட்டன. மற்றக் கேள்விகளை அடுத்த மாதம் பார்ப்போம்.

கிள்ளான் வாசகி: டீச்சர், மகளுக்குக் கொடுத்திருக்கும் ஊரில் மொத்தமே 900 பேர்தானாம். கூகல் மேப்பில் பார்த்தால் நாலு தெரு, சுற்றிலும் பச்சை, வேறு ஒன்றுமே இல்லை. நியூயார்க், கலிபோர்னியா என்று கற்பனை செய்துகொண்டிருந்தோம். பதினாறு வயசுப் பிள்ளை அங்கே ஒரு வருஷம் என்ன செய்வாள்? பாதுகாப்புதானா?

அம்மா, நியூயார்க் கிடைக்கவில்லையே என்று வருத்தப்படாதீர்கள். பரிமாற்றப் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு இந்த மாதிரி ஊர்தான் அமையும், ஏனென்றால் முன்பின் தெரியாத பிள்ளையைக் காசு வாங்காமல் ஒரு வருஷம் வீட்டில் வைத்துச் சோறு போடுகிறேன் என்று முன்வருபவர்கள் இப்படிப்பட்ட ஊர்களில்தான் சுலபமாகக் கிடைக்கிறார்கள்.

ஊர் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், மேப்பில் தெரியாததை. தூரத்திலிருந்து முதலில் கண்ணில் படுவது இரண்டு. ஊர்ப் பெயர் எழுதிய தண்ணீர்த் தொட்டி ஒன்று. இன்னொன்று 'எலிவேட்டர்' என்று அவர்கள் சொல்லும் தானியக் கிடங்கு, கோபுரம் போல கான்கிரீட்டில் உயர்ந்து நிற்கும். கிட்டப் போனால் ஒரே ஒரு கடைத்தெரு, செங்கல் கட்டடங்கள், அதில் பாதி பூட்டிக் கிடக்கும். ஒரு பேங்கு, ஒரு தபால் நிலையம், இரண்டு மூன்று தேவாலயங்கள், பீர் விற்கிற ஒரு கடை, ஒரு பெட்ரோல் நிலையம். அந்தப் பெட்ரோல் நிலையத்தை லேசாக நினைக்க வேண்டாம், அயோவாவில் அது பெரும்பாலும் கேசீஸ் கடையாக இருக்கும், 1968இல் அதே மாநிலத்தின் பூன் என்ற ஊரில் தொடங்கிய நிறுவனம், பல சிற்றூர்களில் சூடாகப் பீட்சா கிடைக்கிற ஒரே இடம் அதுதான், வெள்ளிக்கிழமை இரவு ஊர்ப் பிள்ளைகள் எல்லாரையும் அங்கே பார்க்கலாம். நம் ஊரில் மாமாக் கடை செய்கிற வேலையை அங்கே பெட்ரோல் நிலையம் செய்கிறது.

உங்கள் மகள் விமானம் ஏறுவதற்கு முன்பே, மலேசியாவிலிருந்து ஒரு பெண் வருகிறாள், இன்னார் வீட்டில் தங்கப்போகிறாள் என்பது அந்த 900 பேருக்கும் தெரிந்திருக்கும். போன பிறகு அவள் நூலகத்தில் யாரோடு உட்கார்ந்திருந்தாள், எத்தனை மணிக்கு வீடு திரும்பினாள் என்பதும் தெரியும். பதினாறு வயதில் அது எரிச்சலாக இருக்கும், அவள் போன் போட்டு உங்களிடம் புலம்பவும் செய்வாள். ஆனால் நீங்கள் கேட்ட பாதுகாப்பு அதே கண்களிலிருந்துதான் வருகிறது. ஊரில் நல்லதை மட்டும் வைத்துக்கொண்டு வம்பை விட்டுவிடலாம் என்றால் முடியாது, இரண்டும் ஒரே ஆட்களிடமிருந்து வருபவை. சட்டப்படியும் சில பாதுகாப்புகள் இருக்கின்றன: தங்கும் வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லாருடைய குற்றப் பின்னணியும் சரிபார்க்கப்பட வேண்டும், உள்ளூர்ப் பொறுப்பாளர் மாதம் ஒருமுறையாவது பிள்ளையோடு பேச வேண்டும். அந்தப் பொறுப்பாளரின் தொலைபேசி எண்ணை மகளிடம் மட்டும் விட்டுவிடாமல் நீங்களும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன செய்வாள் என்று கேட்டீர்கள். இந்த இடத்தில்தான் சின்ன ஊர் பெரிய நகரத்தை ஜெயிக்கிறது. பெரிய பள்ளியில் ஆயிரம் இரண்டாயிரம் பேர் படிப்பார்கள், கூடைப்பந்துக் குழுவில் இடம் பிடிக்கச் சண்டை, நாடகத்தில் ஒரு வேஷம் கிடைக்கத் தேர்வு. சின்ன ஊர்ப் பள்ளியில் ஆள் பற்றாக்குறை. ஓடத் தெரியுமா, வா. பாடத் தெரியுமா, தெரியாவிட்டாலும் வா. வெள்ளிக்கிழமை கால்பந்து ஆட்டத்தில், அவர்களுடைய கால்பந்து, பதினோரு பையன்கள் தேறாததால் ஒரு அணிக்கு எட்டுப் பேர் என்று விதியையே மாற்றி ஆடுகிற பள்ளிகள் நிறைய. 1934இல் நெப்ராஸ்காவின் ஹெப்ரன் என்ற ஊரில் ஒரு ஆசிரியர் ஆறு பேர் ஆட்டத்தையே உருவாக்கினார், காரணம் இதேதான். ஆட்டத்தின் முதல் பாதியில் விளையாடிய பையன் இடைவேளையில் அதே உடையோடு பேண்டு வாத்தியக் குழுவில் நின்று ஊதுவதை நான் பார்த்திருக்கிறேன்! உங்கள் மகளைப் பெஞ்சில் உட்கார வைத்து வேடிக்கை பார்க்க விட மாட்டார்கள்.

கஷ்டம் எங்கே என்றால் வண்டி. பஸ் கிடையாது, கிராப் கிடையாது. உள்ளூர்ப் பிள்ளைகள் பதினாலு வயதிலேயே பள்ளிக்கு மட்டும் ஓட்டிப் போக உரிமம் வாங்கிவிடுவார்கள், பரிமாற்ற மாணவர்கள் ஓட்டக்கூடாது என்பது பெரும்பாலான அமைப்புகளின் விதி. ஆகவே எங்கே போவதானாலும் யாரையாவது கேட்டுத்தான் போக வேண்டும், கேட்க வெட்கப்படுகிற பிள்ளையாக இருந்தால் இப்போதே பழக்குங்கள். அப்புறம் ஜனவரி. அந்தக் குளிரை இங்கிருந்து சொல்லிப் புரியவைக்க முடியாது. ஐந்து மணிக்கு இருட்டி, காற்று வீசி, கழித்தல் 20 டிகிரியில் ஊரே வீட்டுக்குள் அடைந்திருக்கும் அந்த இரண்டு மாதம்தான் பிள்ளைகள் வீட்டை நினைத்து அழுகிற மாதங்கள். வசந்தத்தில் அபாயச் சங்கு ஊதும், சூறாவளி எச்சரிக்கை. மாதத்தில் ஒரு நாள் சோதனைக்காகவும் ஊதுவார்கள், அதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். நிஜமாக ஊதினால் வீட்டார் எல்லாரையும் நிலவறைக்கு இறங்கச் சொல்வார்கள், அவள் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் படம் பிடிக்கப் போகாமல் இருந்தால் போதும்.

புக்கிட் மெர்தாஜாம் வாசகர்: ஒருமுறை சிகாகோவுக்குப் பறந்தபோது கீழே பார்த்தேன், பூமியையே கணக்கு நோட்டுப் போலக் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். யார் போட்டது?

அரசாங்கம் போட்டது ஐயா, அங்கே போய்ப் பார்ப்பதற்கு முன்பே போட்டது. 1785இல் ஒரு சட்டம், மேற்கே உள்ள நிலத்தையெல்லாம் ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரமாக அளந்து, ஒவ்வொன்றையும் 36 துண்டாக்கு, ஒரு துண்டு ஒரு சதுர மைல், 640 ஏக்கர் என்று. ஒவ்வொரு சதுரத்திலும் 16ஆம் துண்டு பள்ளிக்கூடச் செலவுக்கு ஒதுக்கியது. மலை, ஆறு எதையும் பார்க்காமல் வரைந்த கோடு, அந்தக் கோடுகளின் மேல் பிறகு மண்சாலை போட்டார்கள், அதனால்தான் இன்றைக்கும் அங்கே வழி கேட்டால் வடக்கே இரண்டு மைல், மேற்கே ஒரு மைல் என்று திசை வைத்துச் சொல்கிறார்கள். திசை தெரியாதவள் பாடு திண்டாட்டம். 1862இல் இன்னொரு சட்டம் வந்தது. துண்டில் கால்வாசி, அதாவது 160 ஏக்கர், ஐந்து வருஷம் குடியிருந்து உழுதால் உனக்கே சொந்தம்.

காலி நிலமாக இருந்து கொடுக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். சாக், மெஸ்க்வாக்கி போன்ற பூர்வகுடி மக்களிடமிருந்து போராலும் ஒப்பந்தத்தாலும் பறித்த நிலம் அது. அவர்களில் மெஸ்க்வாக்கி மக்கள் செய்த காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: அயோவாவை விட்டு விரட்டப்பட்ட பிறகு, 1857இல் தங்கள் பணத்தைப் போட்டு டாமா என்ற இடத்தில் நிலத்தை விலைக்கு வாங்கித் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார்கள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார்கள்.

ஊர்கள் வந்த கதை வேறு. நம் பக்கம் ஆற்றங்கரையில், ஈய லம்பத்துக்குப் பக்கத்தில், சந்தை கூடிய இடத்தில் ஊர் வளர்ந்தது. அங்கே பல ஊர்களை ரயில் கம்பெனி ஒரே வரைபடத்தில் புள்ளி வைத்து உண்டாக்கியது. ஏழெட்டு மைல், பத்து மைலுக்கு ஒரு ஊர். கணக்கு இதுதான்: விவசாயி குதிரை வண்டியில் தானியம் ஏற்றிக்கொண்டு வந்து, விற்று, சாமான் வாங்கிக்கொண்டு பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப முடியவேண்டும். நெப்ராஸ்காவில் பர்லிங்டன் ரயில்பாதை ஓரத்தில் பெயர் வைக்கக்கூட அவர்களுக்கு நேரமில்லை போலிருக்கிறது, கிரீட், டார்செஸ்டர், எக்ஸெட்டர், ஃபேர்மாண்ட், கிராஃப்டன், ஹார்வர்ட் என்று ஆங்கில அகரவரிசையிலேயே ஊர்கள் வரிசையாக நிற்கின்றன. குதிரைக்காகப் போட்ட இந்த இடைவெளியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே காப்பார் ஐயாவுக்குப் பதில் சொல்லும்போது தேவைப்படும்.

பூச்சோங் வாசகர்: டீச்சர், ஆயிரம் ஏக்கர், கோடிக்கணக்கில் டிராக்டர். அமெரிக்க விவசாயி என்றால் பணக்காரன்தானே? ஏன் எப்போதும் கஷ்டம் கஷ்டம் என்கிறார்கள்?

தம்பி, காகிதத்தில் பணக்காரர்தான். 2023 கணக்கில் அயோவா விவசாய நிலம் ஏக்கர் சராசரி 11,000 டாலருக்கு மேல். ஆயிரம் ஏக்கரை அதில் பெருக்கிப் பார், தலை சுற்றும். ஆனால் அந்த நிலத்தை விற்றால்தானே பணம்? விற்றால் அவர் விவசாயி இல்லை. பாதிக்கு மேற்பட்ட நிலம் குத்தகை வேறு. புது அறுவடை இயந்திரம் ஒன்று 5 லட்சம் டாலரைத் தாண்டுகிறது, வருஷத்தில் சில வாரம்தான் அது ஓடும், மற்ற நாளெல்லாம் கொட்டகையில் நின்றபடி வட்டி தின்னும். ஏப்ரல், மே மாதங்களில் கடன் வாங்கி விதை, உரம் போட்டு, அக்டோபரில் அறுத்து, அன்றைக்கு என்ன விலையோ அதுதான். அந்த விலையைச் சொல்வது ஊர் இல்லை, 1848இல் தொடங்கிய சிகாகோ தானியச் சந்தை. அங்கே காலையில் பெட்ரோல் நிலையத்தில் காப்பியோடு உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் கையில் இருக்கும் போனில் பார்ப்பது பெரும்பாலும் இரண்டே விஷயம், மழையும் சிகாகோ விலையும்.

எண்பதுகளில் நான் பார்த்தது அந்தக் கணக்கு கவிழ்ந்த காலம். எழுபதுகளில் விலை ஏறியது, பேங்குகள் கூப்பிட்டுக் கடன் கொடுத்தன, நிலம் வாங்கு, இன்னும் வாங்கு என்று. பிறகு 1980 ஜனவரியில் சோவியத் நாட்டுக்குத் தானியம் விற்கக் கூடாது என்று அதிபர் கார்ட்டர் தடை போட்டார், அந்த வருஷக் கடைசியில் பேங்கு வட்டி 21 சதவீதத்தையும் தாண்டியது. 1981இலிருந்து 1986க்குள் அயோவா நில விலை 63 சதவீதம் விழுந்தது. அப்பன் பாட்டன் சேர்த்த பண்ணைகள் ஏலத்துக்கு வந்தன, ஊர்க்காரர்கள் முற்றத்தில் கூடி நிற்க, டிராக்டரிலிருந்து சமையலறை மேசை வரை விலை கூறுவார்கள். என் தோழியின் அப்பா தப்பித்தார், பக்கத்துப் பண்ணைக்காரர் தப்பவில்லை, அந்தப் பண்ணை நிலத்தை வாங்கியவர்களில் தோழியின் அப்பாவும் ஒருவர். அதற்குப் பிறகு இரண்டு குடும்பமும் ஒரே தேவாலயத்தில் வேறு வேறு ஓரத்தில் உட்கார்ந்தார்கள். 1985 செப்டம்பரில் இல்லினாயின் ஷாம்பெயினில் விவசாயிகளுக்கு நிதி திரட்டப் பெரிய இசைக் கச்சேரி நடந்தது, அந்த நிகழ்ச்சி இன்றுவரை ஏறக்குறைய வருஷாவருஷம் வேறு வேறு ஊர்களில் தொடர்கிறது.

நமக்கும் இதில் பங்கு உண்டு தம்பி. அதே காலத்தில்தான் அமெரிக்க சோயா விவசாயிகள் சங்கம், வெப்பமண்டல எண்ணெய் உடம்புக்குக் கெடுதல் என்று நம் செம்பனை எண்ணெய்க்கு எதிராகப் பிரசாரம் செய்தது. அவர்கள் வயல் ஏலத்துக்குப் போகிற பயத்தில் எழுந்த சத்தம் இங்கே நம் ஏற்றுமதியில் வந்து இடித்தது. இன்றைக்கும் கோலாலம்பூரில் செம்பனை எண்ணெய் வியாபாரம் செய்பவர் காலையில் கண் விழித்ததும் சிகாகோவில் சோயா எண்ணெய் என்ன விலைக்கு முடிந்தது என்றுதான் பார்க்கிறார்.

காப்பார் வாசகர்: நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். லயம், கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை எல்லாம் போய் இப்போது அங்கே வீடமைப்புப் பகுதி. அந்த ஊர்களும் காலியாகின்றன என்று படித்தேன். எங்கள் தோட்டம் மாதிரிதானா?

பாதி அப்படித்தான் ஐயா, மீதிப் பாதியில் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

ஒன்றாக இருப்பதை முதலில் சொல்கிறேன். 1930களில் ஒரு ஏக்கரில் சோளம் இருபது முப்பது புஷல் விளைந்தது, புஷல் என்றால் ஏறக்குறைய 25 கிலோ. ஒட்டு விதை வந்தது, ஹென்றி வாலஸ் என்பவர் 1926இல் அயோவாவில் அதற்கென்று ஒரு கம்பெனி தொடங்கினார், பிற்பாடு நாட்டின் துணை அதிபராகவும் ஆனார். உரம் வந்தது, இயந்திரம் வந்தது. இப்போது நாட்டின் சராசரியே 170 புஷலுக்கு மேல். முன்பு குடும்பம் முழுக்கச் சேர்ந்து பாடுபட்ட 160 ஏக்கரை இப்போது ஒரு ஆள் குளிர்சாதன அறை வைத்த இயந்திரத்தில் உட்கார்ந்து ஓரிரு நாளில் அறுத்துவிடுகிறார். 1935இல் அமெரிக்காவில் 68 லட்சம் பண்ணைகள், 2022 கணக்கெடுப்பில் 19 லட்சம். பயிர் செத்து ஊர் காலியாகவில்லை ஐயா, பயிர் கொழித்ததால்தான் ஊர் காலியானது. நாலு பண்ணை ஒன்றாகும்போது மூன்று குடும்பத்துப் பிள்ளைகள் பள்ளியிலிருந்து குறைகிறார்கள். குதிரைக்காகப் பத்து மைலுக்கு ஒன்று வைத்த ஊர்களுக்கு லாரி வந்த பிறகு என்ன வேலை? மளிகைக் கடை மூடும், மருத்துவர் ஓய்வு பெற்றால் வேறு மருத்துவர் வர மாட்டார், கடைசியில் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு நம் பள்ளியைச் சேர்க்கிறோம் என்று கடிதம் வரும். பள்ளி போன நாள்தான் ஊர் போன நாள் என்று அங்கே எல்லாரும் சொல்வார்கள், ஆள் குறைந்த தமிழ்ப்பள்ளியை வேறு இடத்துக்கு மாற்றுகிற கூட்டத்தில் உட்கார்ந்தவர்களுக்கு அது புதிதாக இருக்காது.

நெப்ராஸ்காவில் மொனோவை என்று ஒரு ஊர், 2010 கணக்கெடுப்பில் மக்கள் தொகை ஒன்று. ஒரே ஒரு மூதாட்டி. அவர்தான் மேயர், அவர்தான் பீர்க்கடை முதலாளி, கணவர் ஞாபகமாக வைத்த நூலகத்துக்கும் அவர்தான் நூலகர். கேட்கச் சிரிப்பாக இருக்கும், கொஞ்ச நேரம் கழித்து அப்படி இருக்காது.

வித்தியாசம் என்ன என்றால், உங்கள் தோட்டத்தில் எது உங்களுடையது ஐயா? லயம் கம்பெனியுடையது, நிலம் கம்பெனியுடையது, கோயில் நின்ற இடம்கூட. துரை விற்றுவிட்டுப் போனால் சாமியையும் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளிகளே பங்கு போட்டுத் தோட்டம் வாங்கலாம் என்று ஓடி அலைந்தது அதற்காகத்தான். அமெரிக்கச் சிற்றூர்களில் தேவாலயத்தைக் கட்டியது ஊரார், பள்ளி நிர்வாகக் குழுவுக்கு ஓட்டுப்போட்டு ஆள் எடுப்பது ஊரார், தானியக் கிடங்கு பல இடங்களில் விவசாயிகளே சேர்ந்த கூட்டுறவு. ஊரை விட்டுப் போகிற விவசாயி பெரும்பாலும் நிலத்தின் விலையைக் கையில் வைத்துக்கொண்டு போகிறார், ஏலத்தில் இழந்தவரைத் தவிர. உங்களுக்கு என்ன கொடுத்தார்கள் என்று நான் கேட்கத் தேவையில்லை.

ஆனால் அங்கேயும் நிலம் இல்லாதவர்கள் உண்டு. கடை வைத்திருந்தவர், பள்ளிப் பேருந்து ஓட்டியவர், பண்ணையில் கூலிக்கு நின்றவர், இவர்களுடைய நிலைமை உங்கள் நிலைமைதான், வீடு சொந்தமாக இருக்கும், வாங்க ஆள் இருக்காது. நிலம் உள்ளவர்களும் வயதாகிப் போனார்கள், அயோவா நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு 65 வயதைக் கடந்தவர்கள் கையில் இருக்கிறது. அவர்களுக்குப் பிறகு அது சிகாகோவிலோ டென்வரிலோ இருக்கிற பேரப்பிள்ளைகளுக்குப் போகும், அவர்கள் குத்தகைப் பணம் வாங்கிக்கொள்வார்கள், அறுப்புக் காலத்தில் வந்து நிற்க மாட்டார்கள்.

நிற்பது என்று சொன்னதும் ஒன்று. ஒரு விவசாயி அறுவடைக்கு முன்னால் படுத்துவிட்டாலோ இறந்துவிட்டாலோ, அக்கம்பக்கத்தார் தங்கள் இயந்திரங்களைச் சாலையில் வரிசையாக ஓட்டிக்கொண்டு வந்து ஒரே நாளில் அவர் வயலை அறுத்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். தங்கள் வயல் காத்திருக்கும்போது, மழை வரும் என்று தெரிந்திருக்கும்போது. பெண்கள் சாப்பாட்டைப் பாத்திரம் பாத்திரமாகக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். கோத்தோங் ரோயோங் என்று நாம் சுவரில் எழுதி வைத்திருப்பதை அவர்கள் எழுதாமல் செய்கிறார்கள். ஏலத்தில் ஒருவர் நிலத்தை ஒருவர் வாங்கியவர்களும் அதே ஆட்கள்தான் என்பதையும் மறக்காமல் சொல்கிறேன்.

செந்தூல் வாசகி: முழுக்க வெள்ளைக்காரர் ஊர். நம் நிறத்தில் ஒரு பெண் போனால் எப்படி நடத்துவார்கள்? செய்தியில் வருகிற அரசியலைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

நியாயமான பயம்தான். முறைத்துப் பார்ப்பார்கள் என்பதைவிட உற்றுப் பார்ப்பார்கள் என்று சொல்லலாம். மலேசியா ஆப்பிரிக்காவிலா என்று கேட்பார்கள், உங்கள் ஊரில் வீட்டுக்குள் தண்ணீர் வருமா என்றும் என்னைக் கேட்டிருக்கிறார்கள். அடுத்த நிமிஷம் அதே ஆள் தன் கோட்டைக் கழற்றிக் கொடுப்பார். குத்தலாகப் பேசுகிற பையன் ஒருத்தன் எந்தப் பள்ளியிலும் இருப்பான், அப்படி நடந்தால் மறைக்க வேண்டாம் என்று கிள்ளான் அம்மா மகளிடம் சொல்லி வைக்கட்டும்.

முழுக்க வெள்ளைக்காரர் என்பதும் இப்போது சரியில்லை. 1975இல் ராபர்ட் ரே என்ற அயோவா ஆளுநர், வியட்நாம், லாவோஸ் பக்கத்திலிருந்து தப்பி வந்த தாய் டாம் மக்களைக் கூட்டமாக அழைத்துக் குடியமர்த்தினார். அப்புறம் இறைச்சி ஆலைகள் உள்ள ஊர்கள், ஸ்டார்ம் லேக், டெனிசன் மாதிரி, மெக்சிகோ, குவாத்தமாலா, லாவோஸ் மக்களால் நிரம்பி மக்கள் தொகை குறையாமல் நிற்கின்றன. அந்த மாநிலத்தில் மனிதர்கள் 32 லட்சம், பன்றிகள் 2 கோடிக்கும் மேல், வெட்டுகிற வேலைக்கு உள்ளூர்ப் பிள்ளைகள் வருவதில்லை. 2008 மே மாதம் போஸ்ட்வில் என்ற ஊரில் ஒரு ஆலையில் குடிநுழைவு அதிகாரிகள் புகுந்து 389 பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் உள்ள ஊர் அது, கடை, பள்ளி எல்லாம் ஆட்டம் கண்டன. வெளியாளைப் பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே வெளியாளை நம்பி நிற்கிற ஊர்கள் இவை.

அரசியல் என்றால், அயோவாவில் ஒபாமாவுக்கு இரண்டு முறை ஓட்டுப்போட்டு 2016இல் டிரம்ப் பக்கம் திரும்பிய மாவட்டங்கள் 31. ஒரே மனிதர்கள்தான். ஆகவே கொடியைப் பார்த்து ஆளை முடிவுகட்டாமல் இருப்பது நல்லது, சாப்பாட்டு மேசையில் அதைக் கிளறாமல் இருப்பது அதைவிட நல்லது.

பினாங்கு வாசகர்: சாப்பாடு?

உப்பு, மிளகு. அதோடு முடிந்தது. உருளைக்கிழங்கு, மாட்டிறைச்சி, பன்றி, சீஸ் போட்டு அடுப்பில் வேகவைத்த ஏதோ ஒன்று, ஜெல்லிக்குள் பழம் போட்டு அதைச் சாலட் என்பார்கள். மாடு சாப்பிடுவதில்லை என்றால் முதல் நாளே சொல்லிவிட வேண்டும், மரியாதைக்காக மௌனமாக இருந்தால் வருஷம் முழுக்க அதுதான் தட்டில் வரும். ஜூலை ஆகஸ்டில் கிடைக்கிற இனிப்புச் சோளம் மட்டும் அப்பப்பா! ஆனால் சாலையோரம் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கிற சோளம் அது இல்லை, அது ஆடுமாடு தீனிக்கும், வண்டிக்கு ஊற்றுகிற எத்தனாலுக்கும். பிடுங்கித் தின்று பார்க்க வேண்டாம், பல் வலிக்கும்.

ஜாலான் ஈப்போ வாசகி: கோயில் இருக்குமா?

ஊரில் இருக்காது. தலைநகர் டிமாய்னுக்குப் பக்கத்தில் மேட்ரிட் என்ற சிற்றூர் அருகே, வயல்வெளியில் ஒரு இந்துக் கோயில் இருக்கிறது. சிகாகோ பக்கம் அரோராவில் பாலாஜி, லெமாண்டில் ராமர். அழைத்துப் போக ஆள் கிடைத்தால் தைப்பூசத்துக்கோ தீபாவளிக்கோ ஒரு தடவை போகலாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டார் தேவாலயத்துக்குக் கூப்பிடுவார்கள். கட்டாயப்படுத்தக் கூடாது என்பது விதி, ஆனால் ஆராதனை முடிந்த பிறகு கீழ்த்தளத்தில் காப்பியும் கேக்குமாக நடக்கிற அரட்டையில்தான் ஊரே பழக்கமாகும். நான் ஆராதனைக்கு உட்காராமல் காப்பிக்கு மட்டும் போனதுண்டு, யாரும் ஒன்றும் சொல்லவில்லை, சொன்னது என் காதுக்கு வராமலும் இருந்திருக்கலாம்.

மீண்டும் கிள்ளான் வாசகி: பெட்டியில் என்ன கட்டுவது? கறித்தூள், சம்பல் விடுவார்களா? அந்த வீட்டாருக்கு என்ன பரிசு கொடுக்கலாம்?

கடையில் வாங்கிய, மூடி திறக்காத கறித்தூள் பிரச்சினை இல்லை. ஈக்கான் பிலிஸ் சம்பல் மூடியோடு இருந்தால் பொதுவாக விடுவார்கள். கோழி, மாட்டிறைச்சி கலந்த எதுவும் கூடாது, அது செரண்டிங்காக இருந்தாலும் சரி, இறைச்சித்தூள் கலந்த உடனடி மீயாக இருந்தாலும் சரி. கறிவேப்பிலை, எலுமிச்சை இலை கண்டிப்பாகக் கூடாது, ஆரஞ்சு மரங்களுக்கு நோய் பரப்பும் பூச்சி அதில் வருகிறது என்று பறித்துவிடுவார்கள். எதைக் கொண்டு போனாலும் சுங்கத்தில் உணவு இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும், சொல்லாமல் மாட்டினால்தான் அபராதம்.

குளிர் கோட்டு இங்கே வாங்காதீர்கள். நம் கடைகளில் இருப்பது கெந்திங் மலைக்குத்தான் ஆகும், அங்கே போய் வாங்கட்டும், இல்லாவிட்டால் வீட்டாரிடமே பழையது ஒன்று இருக்கும். பரிசு பெரிதாக வேண்டாம், விலையுயர்ந்ததைக் கொடுத்தால் அவர்களுக்குக் கூச்சம் வந்துவிடும். பாத்தேக் மேசைவிரிப்பு ஒன்று, பியூட்டர் சாவிக்கொத்துகள் கொஞ்சம், பக்கத்து வீடு, டீச்சர், பஸ் ஓட்டுநர் என்று கொடுக்க ஆள் நிறைய வரும். அவள் ஒரு கோழிக் கறியும் ஒரு பருப்பும் வைக்கப் பழகிக்கொண்டு போகட்டும், தேவாலயத்திலும் பள்ளியிலும் ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்து பகிர்ந்து உண்கிற விருந்து அடிக்கடி நடக்கும், மிளகாயை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துவிட வேண்டும். ஆகஸ்டில் போய் இறங்கும்போது சோளம் தலைக்கு மேல் நிற்கும், எந்தப் பக்கமும் ஒன்றும் தெரியாது, முதல் வாரம் கிணற்றுக்குள் இருக்கிற மாதிரி இருக்கிறது என்று போன் செய்வாள். அக்டோபரில் அறுத்துவிடுவார்கள். அதுவரை பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.